கண்டக்டர் கை

முன்னறையில் கனமான எதையோ தரையில் இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது. முதலில் ‘டொக்’ என்று ஒன்று. அரை நொடி கழித்து, அதைவிட மெல்லியதாக, ‘டக்’ என்று இன்னொன்று.

சமையலறையில், மரங்களின் வெட்டுக்காயத்தில் பூசுவதற்குத் தேன்மெழுகு உருக்கிக்கொண்டிருந்த சூர்யகலாவின் கையில் கரண்டி அப்படியே நின்றுவிட்டது.

அந்தச் சத்தத்தை எங்கே கேட்டாலும் அவள் கண்டுபிடித்துவிடுவாள். குட்டை மரம் வளர்க்கிற, நான்கு கால் வைத்த மண்தட்டு அது. ஒரு கால் உடைந்துபோய், அந்த இடத்தில் சிமெண்டை உருட்டி ஒட்டியிருந்த கால் கொஞ்சம் கட்டை. கீழே வைத்தால் மூன்று கால்கள் முதலில் இறங்கும். தட்டு ஒரு பக்கம் சாய்ந்த பிறகுதான் நான்காவது கால் தரையைத் தொடும். ஒட்டியவர் அவள் புருஷன் சீனுவாசன். “நம்ம மரமும் என்னை மாதிரிதான் கலா. ஓடுற பஸ்ஸுல ஒத்தக்கால்ல நிக்குது” என்று சொல்லிச் சிரித்தவர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது.

“கலா. உள்ள இருக்கியாம்மா?”

அந்தக் குரலும் அவளுக்குத் தெரிந்ததுதான். அந்த ‘ம்மா’ மட்டும் புதுசு.

சூர்யகலா அடுப்பை அணைத்தாள். உருகிய மெழுகில் விளக்கெண்ணெயும் அடுப்புக்கரித் தூளும் விட்டுக் கிளறி, பாத்திரத்தை ஓரமாக வைத்தாள். கையைத் துடைத்துக்கொள்ள அவளுக்கு வெகு நேரம் பிடித்தது. இந்தக் குரல் ஒரு நாள் தன் வாசலுக்கு வரும், வந்தால் இதைச் சொல்ல வேண்டும், அதைச் சொல்ல வேண்டும் என்று ஆறு வருஷமாகத் தனக்குள் பேசிப் பேசிப் பழகி வைத்திருந்தாள். திண்டிவனத்திலிருந்து கிளியனூர் நர்சரி வேலைக்கு டவுன் பஸ்ஸில் போகிற ஒவ்வொரு காலையும், ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அந்த வசனங்களை ஓட்டிப் பார்த்திருக்கிறாள். இப்போது ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

முன்னறையில் பவுனு நின்றிருந்தாள். சீனுவாசனுக்கு மூத்த அக்கா, சூர்யகலாவுக்கு நாத்தனார். விழுப்புரத்தில் ரைஸ்மில் வைத்திருந்தவரின் பெண்டாட்டி. வயது ஐம்பத்தெட்டு ஆனாலும் தலையில் ஒரு நரை தெரியாது. மாதத்துக்கு இரண்டு முறை கருஞ்சாயம் பூசிவிடுவாள். காதிலும் மூக்கிலும் வெள்ளைக்கல். பக்கத்தில் அவள் கார் டிரைவர் சுதாகர், தூக்கி வந்த கையை உதறிக்கொண்டு நின்றான்.

இருவருக்கும் நடுவில், தரையில், இரண்டு சாண் உயரத்தில் அந்தப் புளியமரம்.

“நீ போய் வண்டியில உக்காரு” என்று பவுனு டிரைவரை அனுப்பினாள். அவன் படி இறங்கியதும், “உக்காரச் சொல்ல மாட்டியா?” என்றாள்.

“நாற்காலி காலியாத்தான் கெடக்குது அண்ணி.”

பவுனு உட்கார்ந்தாள். சூர்யகலா உட்காரவில்லை. அவள் கண் மரத்தைவிட்டு நகரவில்லை.

அவளுக்குக் கல்யாணமான பதினோராம் நாள் சீனுவாசன் டிக்கெட் பைக்குள் வைத்துக் கொண்டுவந்த கன்று அது. அவர் விழுப்புரம் – திண்டிவனம் பஸ்ஸில் கண்டக்டர். விக்கிரவாண்டிக்கு அந்தப் பக்கம் ஒரு சிறுபாலத்தின் சுவர்ப் பிளவில், சுண்ணாம்பையும் கல்லையும் தின்று ஒரு விரல் கனத்தில் நெளிந்து நின்றிருந்தது. ரோட்டை அகலப்படுத்த ஆள் வந்து கல் நட்ட அன்று, வண்டியை இரண்டு நிமிஷம் நிறுத்தச் சொல்லி, பயணிகள் எல்லாரும் எட்டிப் பார்க்க, பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார். “நகை வாங்கித்தர வக்கில்ல. இத வச்சிக்கோ” என்று அவள் மடியில் வைத்தார்.

வேறு பெண்ணாக இருந்தால் சண்டை போட்டிருப்பாள். சூர்யகலா வளர்த்தாள். போன்சாய் என்ற சொல்லையே அதற்கு நாலு வருஷம் கழித்துத்தான் கேள்விப்பட்டாள். வேப்பங்கன்று மூன்றைக் கொன்று, நாவல் ஒன்றைக் கொன்று, கை பழகினாள். குழந்தை இல்லாத வீட்டில் மொட்டை மாடி நிறைய மரங்கள் நின்றன. விடியற்காலை நாலரை மணிக்குப் புருஷன் முதல் டிரிப்புக்குக் கிளம்புவதற்கு முன் அவள் மாடிப்படி ஏறித் தண்ணீர் விட்டுவிட்டு வருவாள்.

இந்தப் புளியில் சீனுவாசன் கை வைத்தது ஒரே ஒரு இடத்தில். இடப் பக்கத்து முதல் கிளைக்கு அவரே கம்பி சுற்றி வளைத்தார். அது வெளியே நீண்டு, நுனியில் லேசாக மடங்கி, கூட்டத்துக்குள் டிக்கெட்டுக்குக் கை நீட்டுகிற மாதிரியே நின்றது. புருஷனும் பெண்டாட்டியும் அதற்குக் கண்டக்டர் கை என்று பேர் வைத்திருந்தார்கள்.

அந்தக் கை இப்போது இல்லை. இருந்த இடத்தில், அடிமரத்தில், ஐந்து ரூபாய்க் காசு அகலத்துக்குப் பழுப்புப் பெயிண்ட் அடித்த ஒரு மூடி. மூடியைச் சுற்றிப் பட்டை கறுத்து உப்பியிருந்தது. மேலே இலைகள் வெளிறி, தொட்டால் உதிரும்போல் இருந்தன.

“எத்தினி நாளா இப்படி இருக்குது?” சூர்யகலா கேட்டாள்.

“தை மாசத்துலேர்ந்து எலை கொட்டிக்கினே இருக்குது. பாண்டிச்சேரியிலேர்ந்து ஒருத்தர் வந்து பாத்தாரு. மருந்து அடிச்சாரு. ஒண்ணும் கேக்கல. கிளியனூர் நர்சரி இருதயராஜ்கிட்ட போனேன். அவரு பாத்துட்டு, இந்தப் பக்கத்துல வெட்டுக்காயம் ஆத்துறதுக்கு ஒரே ஆள்தாங்க, எங்க நர்சரியில வேலை செய்யிற கலா அக்காதான்னாரு.” பவுனு சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். “எனக்குத் தெரியாம போச்சு பாரு, நீ இவ்ளோ பெரிய ஆளுன்னு.”

“நான் எங்க இருக்கேன்னே உங்களுக்குத் தெரியாமத்தானே போச்சு.”

பவுனு அதைக் கேட்காதவள்போல் மின்விசிறியைப் பார்த்தாள்.

“வர்ற ஞாயித்துக்கிழமை விழுப்புரத்துல எங்க போன்சாய் சங்கத்து கண்காட்சி. மெட்ராஸ்லேர்ந்துலாம் ஆளு வர்றாங்க. இந்த வருஷம் என்னைத்தான் தலைவியாப் போடறாங்க. நடு மேஜையில இந்த மரம்தான்னு நோட்டீஸ்லயே போட்டுட்டாங்க. நாலு நாள்தான் இருக்குது. எப்டியாவது பண்ணிக் குடுத்துடு.”

சூர்யகலாவுக்குள் ஏதோ ஒன்று மெல்லத் தலை தூக்கியது.

கருமாதி நாள் அவள் கண்முன் வந்தது. குளத்தங்கரையில் சடங்கு முடிந்து ஈரப்புடவையோடு வீட்டுக்கு வந்தபோது மாடியில் கண்டக்டர் கை தரையில் கிடந்தது. யாரோ ஹேக்ஸா பிளேடால் அறுத்திருந்தார்கள். அதன் அடியில் நார் நாராகப் பிய்ந்த வெட்டு. மரத்தின் பக்கம் அவளைப் பவுனு விடவில்லை. புளியமரத்தை வீட்டுக்குள் வைத்துத்தான் தம்பியின் உயிர் போயிற்று என்று பவுனு ஊரையே கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். வீடு சீனுவாசனின் அப்பா பேரில் இருந்தது. பிள்ளை இல்லாதவளுக்கு அங்கே என்ன வேலை, இனி பவுனு குடும்பம் அங்கே இருக்கட்டும் என்று முடிவாகிவிட்டது. இரண்டு பெட்டி கட்டியாயிற்று.

அன்றைக்குச் சூர்யகலா வீட்டைக் கேட்கவில்லை. பாத்திரம் பண்டம் கேட்கவில்லை. “பத்து நிமிஷம் குடுங்க அண்ணி. வெட்டுன எடத்தைச் சீவி, ஓரத்தைச் சுத்தம் பண்ணி, மெழுகு வச்சிட்டுப் போயிடறேன். இப்டியே உட்டா அழுவிடும்” என்றுதான் கெஞ்சினாள்.

“நீ தொட்டது போதும். என் தம்பிய முழுங்குனது பத்தலயா? மரத்த நான் வாய்க்கால்ல வீசிக்கிறேன். கெளம்பு.”

பவுனு வீசவில்லை. இரண்டு வருஷம் கழித்து நர்சரியில் யாரோ ஒருவர் போனில் காட்டிய படத்தில், கோப்பையும் கையுமாகப் பவுனு சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் புளியமரம். கீழே, ‘பவுன் மேடம் இருபது ஆண்டுகள் வளர்த்த மரம்’ என்று எழுதியிருந்தது. அன்று இரவு சூர்யகலா சாப்பிடவில்லை. இந்த மரம் அவள் கண் எதிரிலேயே சாக வேண்டும், ஊர் பார்க்கச் சாக வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னாள். தான் வளர்த்த மரத்தைத் தானே சபித்த அந்த ராத்திரியை அவள் இன்றைக்கும் யாரிடமும் சொன்னதில்லை.

“பண்ணித் தர்றேன் அண்ணி” என்றாள் சூர்யகலா. “ஞாயித்துக்கிழமைக்குப் பாக்க நல்லா இருக்கும்.”

பொய் இல்லை. பாக்க நல்லாத்தான் இருக்கும். அவள் கணக்கு ஒரு கணத்தில் முடிந்துவிட்டது. அந்தப் பழைய மூடியை மட்டும் நீக்குவது. உள்ளே அழுகல் இருந்தால் இருக்கட்டும், அதைத் தொடாமல், ஈரத்தோடு ஈரமாகத் தன் மெழுகை வைத்து அழகாக மூடிவிடுவது. பட்டையின் நிறத்துக்கே மெழுகைக் கலந்து வைத்தால் மெட்ராஸ்காரர்களுக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மாலை போட்டுத் தலைவியாகட்டும். மூடின காயத்துக்குள் அழுகல் நின்று நிதானமாக அடிமரத்தைத் தின்னும். ஆடிக் காற்று அடிக்கும்போது சங்கத்துத் தலைவியின் மரம் தட்டிலிருந்து தலைகுப்புற விழும். யாரும் சூர்யகலாவைக் குற்றம் சொல்ல மாட்டார்கள்.

ஆறு வருஷமாக எத்தனையோ பேருடைய மரத்தின் காயத்தை ஆற்றியவள் அவள். கோட்டக்குப்பத்தில் துபாய்க்காரர்கள் வீட்டு மாடிகள், பாண்டிச்சேரி வெள்ளைக்காரர்களின் தோட்டங்கள் என்று எங்கெங்கோ போய், மற்றவர்கள் கண்டபடி வெட்டிப் போட்ட கிளைகளின் புண்ணைச் சீவி மருந்து வைத்திருக்கிறாள். ஒரு முறைகூட அழுகலை உள்ளே வைத்து மூடியதில்லை. இன்றைக்கு மூடப்போகிறாள்.

மரத்தை ஜன்னல் ஓரத்து மேஜைமேல் தூக்கி வைத்தாள். செடிக்கு ஒட்டுக் கட்டுகிற கத்தியைச் சாணைக்கல்லில் இரண்டு முறை தேய்த்து, ஸ்பிரிட்டில் துடைத்தாள்.

“இது இன்னா வச்சி அடைச்சிருக்கீங்க?”

“பைப்பு ஒழுவுனா அடைப்பாங்க இல்ல, அந்தப் பிசின். ஓட்டையா அசிங்கமா தெரிஞ்சுது. மேல பெயிண்ட் அடிச்சேன்.”

“வருஷா வருஷம் கண்காட்சிக்கு முன்னாடி தளிரெல்லாம் கத்திரிச்சி உட்டுடுவீங்களா?”

“பின்ன? பரட்டைத் தலையோடவா கொண்டுபோய் வைப்பாங்க?”

சூர்யகலா சிரித்துக்கொண்டாள். காயம் ஆற வேண்டுமானால் அதற்கு மேலே ஒரு கிளையை இஷ்டத்துக்கு ஓடவிட வேண்டும். அந்தக் கிளை இழுக்கிற சாற்றில்தான் காயத்தின் ஓரத்துப் பட்டை உதடுபோல் உருண்டு வந்து மூடும். அதுவரை மரம் பார்க்க அசிங்கமாக, ஒரு பக்கம் மட்டும் வளர்ந்து, தலை கலைந்த பிள்ளைபோல்தான் நிற்கும். அந்த அசிங்கத்தைப் பொறுக்காத வீட்டில் எந்தக் காயமும் ஆறாது.

கத்தி முனையை மூடியின் ஓரத்தில் கொடுத்து நெம்பினாள். பிசின் சில்லுச் சில்லாகப் பெயர்ந்தது. உள்ளேயிருந்து ஊறிய மண்ணின் நாற்றம் வந்தது. கறுப்புச் சேறு மாதிரி மரத்தூள். கொஞ்சம் மட்டும் வழித்துப்போட்டு மெழுகை வைத்துவிடலாம் என்று கத்தியை இன்னொரு முறை உள்ளே விட்டாள்.

கத்தி ‘கிண்’ என்று இரும்பில் பட்டது.

அவள் கத்தியை எடுத்துப் பார்த்தாள். மறுபடி விட்டாள். மறுபடியும் அதே சத்தம், மெல்லிசாக. நாற்காலியில் உட்கார்ந்திருந்த பவுனு சட்டென்று எழுந்தாள்.

“அதுக்கு மேல நோண்டாத. மேலாப்புல மூடிடு, போதும்.”

“உள்ள இன்னாவோ இருக்குது.”

“இருந்தா இருக்கட்டும். ஜல்தியா மூடிக் குடு. எனக்கு வேலை இருக்குது.”

அந்தக் குரலில் இருந்த பயம்தான் சூர்யகலாவை நிமிர வைத்தது. மேஜை டிராயரிலிருந்து ஒரு குறடு எடுத்தாள். கறுப்புச் சேற்றுக்குள் விட்டுப் பிடித்து, இப்படியும் அப்படியுமாக அசைத்து, இழுத்தாள். மரம் விட மனசில்லாமல் விட்டது.

குறட்டின் வாயில் இரண்டு அங்குல ஆணி. துரு ஏறிப் பருத்திருந்தது. அதன் கழுத்தில் கறுப்புக் கயிறும், கயிற்றுக்குள் ஒரு சுருள் முடியும்.

புளியமரத்தில் பேயை ஆணி அடித்துக் கட்டுவது அந்தப் பக்கத்தில் எல்லாரும் அறிந்த வழக்கம்தான். யாரைக் கட்ட வேண்டுமோ அவர்களுடைய முடியைச் சுற்றிப் பூசாரி அடிப்பார். ஊர்க்கோடிப் பெரிய புளியில் நூறு ஆணி பார்த்திருக்கிறாள். இரண்டு சாண் மரத்தில், வெட்டுக்காயத்தின் நடுவில் அடித்ததை அவள் பார்த்ததே இல்லை.

ஜன்னல் வெளிச்சத்தில் முடியைத் தூக்கிப் பிடித்தாள். பாதி செம்பட்டை, பாதி நரை. அந்த வருஷங்களில் இளநரைக்கு மருதாணி அரைத்துப் பூசிக்கொண்டிருந்தவள் அந்த வீட்டில் ஒருத்திதான்.

“என் முடி” என்றாள்.

பவுனு தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

“என்னை உசுரோட இருக்கும்போதே பேய்னு கட்டிட்டீங்களா அண்ணி?”

“பூசாரிதான் சொன்னாரு.” பவுனு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். “வூட்டக் கேட்டு நீ திரும்பி வந்துடக் கூடாதுன்னு… சீப்புல இருந்த முடிய எடுத்தேன். கிளைய வெட்டி, ரத்தம் காயறதுக்குள்ள அடிக்கணும்னாரு. மரம் எங்க வூட்லயே இருக்கணும், ஆணி வெளிய வரக் கூடாதுன்னாரு. அதனாலதான் நான் வீசல.”

ஆக, அந்தப் பத்து நிமிஷத்தை அன்றைக்கு ஏன் தரவில்லை என்பது சூர்யகலாவுக்கு இப்போது விளங்கியது. சீவிச் சுத்தம் பண்ண விட்டிருந்தால் ஆணியைப் பார்த்திருப்பாள். இரும்பும் புளியும் சேர்ந்தால் கறுக்கும் என்பது சமையலறையில் நிற்கிற எந்தப் பெண்ணுக்கும் தெரியும். அந்தக் கறுப்புத்தான் ஆறு வருஷமாக மரத்தை உள்ளிருந்து தின்றிருக்கிறது. அவள் சபித்த மரம், அவள் முடியை நெஞ்சில் வாங்கிக்கொண்டு, அவள் பேரைச் சொல்லி அடித்த ஆணியோடு, அந்த வீட்டு மாடியில் நின்றிருக்கிறது. அதைப் போய் அவள் கொல்லப் பார்த்தாள்.

ஆணியை ஒரு தட்டில் போட்டாள். கத்தியை மறுபடி எடுத்தாள். இந்த முறை அதை மறுபடி ஸ்பிரிட்டில் துடைத்தாள்.

“இன்னா பண்ற?” என்றாள் பவுனு.

“வேலை.”

அழுகலை முழுக்க வழித்தாள். கறுப்பு போய்ப் பழுப்பு வந்தது. பழுப்பு போய், கடைசியில் இறுகிய, வாசனையுள்ள நல்ல மரம் வந்தது. மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. பாக்கி இருக்கிறது. குழிக்குள் தண்ணீர் தேங்காமல் வழிந்து போக அடிப்பக்கம் சின்னதாக ஒரு வழி செதுக்கினாள். செத்த பட்டையைச் சீவிச் சீவி, உள்ளே பச்சைக்கோடு தெரிகிற இடம்வரை வந்தாள். காயம் காசுபோல் வட்டமாக இல்லாமல், சாறு ஓடுகிற திசையில் மேலும் கீழும் கூராக, வேப்பிலை வடிவில் ஆனது. அந்தப் பச்சைக்கோட்டின் மேல் மட்டும் கறுப்பு மெழுகை விரலால் வைத்தாள். நடுக்குழியை மூடவில்லை. அது காய வேண்டும்.

பவுனு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் கண் மரத்தில் இல்லை. தட்டில் கிடந்த ஆணியில் இருந்தது.

“கலா, அந்த ஆணிய அதுலயே வச்சி மூடிடு. கையெடுத்துக் கும்புடறேன்.”

“காயத்துல ஆணி இருந்தா ஆறாது அண்ணி.”

“ஆறலன்னா போவுது. வெளிய வந்தா…” பவுனு நிறுத்தினாள். பிறகு அவள் அடக்கி வைத்திருந்தது தானாக உடைந்து கொட்டியது. “உனக்குத் தெரியாது. நீ போன மறு மாசத்துலேர்ந்து எனக்குத் தூக்கம் கெடையாது. தெனம் நாலரை மணிக்கு மாடிப்படியில யாரோ ஏறுறாங்க. நான் கேக்கறேன். வேற யாருக்கும் கேக்கல. எங்க வூட்டுக்காரரு கை கால் வராம படுத்தப்போ அவர்கிட்ட சொன்னேன். பைத்தியம்னாரு. நடந்து ஏறுற சத்தம், கொலுசு இல்லாத காலு. தண்ணி ஊத்துற சத்தம் வேற.”

தெருவில் தள்ளுவண்டிக்காரன் ஒருவன் ‘மல்லாட்டை’ என்று வேர்க்கடலை கூவிக்கொண்டு போனான்.

சூர்யகலாவுக்குப் பேயிலும் நம்பிக்கை இல்லை, பூசாரியிலும் நம்பிக்கை இல்லை. பவுனு கேட்கிற காலடி எங்கே இருக்கிறதென்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அது மாடிப்படியில் இல்லை. பவுனுவின் நெஞ்சுக்குள் இருக்கிறது. ‘அங்க ஒண்ணும் இல்ல அண்ணி, உங்க மனசுதான்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இன்றிலிருந்து பவுனு தூங்குவாள்.

“நாந்தான்” என்றாள் சூர்யகலா.

பவுனு ஒரு அடி பின்னால் போனாள்.

“நீங்கதான் என்னை அங்க கட்டிட்டீங்களே. ஒடம்பு மட்டும்தான் பஸ் ஏறி திண்டிவனம் வந்துச்சி. பாக்கி அங்கதான் இருந்துச்சி. காலையில தண்ணி ஊத்தாம மரம் எப்டி ஆறு வருஷம் நிக்கும்? என்னைத் தொரத்தணும்னு நெனச்சி, ஆணி அடிச்சி வூட்டுக்குள்ள வச்சிக்கினீங்க.”

“அப்டிலாம் சொல்லாத.”

“இப்ப புடுங்கியாச்சி. இனிமே கட்டு கெடையாது. படியிலதான் ஏறணும்னு இல்ல. நெனச்ச ரூமுக்கு வரலாம், நெனச்ச நேரத்துக்கு வரலாம்.”

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வதுபோல் சொன்னாள். அதுதான் பவுனுவை உலுக்கியது. வெள்ளைக்கல் மூக்குத்தி நடுங்கியது தெரிந்தது. ஆறு வருஷமாக ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு யோசித்து வைத்த எந்த வசனமும் இவ்வளவு ஆழத்துக்கு இறங்கியிருக்காது.

வாசலில் சுதாகர் தலையை நீட்டினான். “ரொம்ப நேரமா சத்தமே இல்லியேன்னு பாத்தேன்மா. மரத்த எடுத்துக்கினு போயி வண்டியில வைக்கட்டுமா?”

“தொடாத” என்று பவுனு கத்தினாள்.

அவன் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

“மரம் இங்க இருக்கட்டும்” என்றாள் சூர்யகலா. “காயத்துக்கு மேல இந்தக் கிளைய மூணு வருஷம் யாரும் வெட்டக் கூடாது. கண்டபடி ஓடும். அசிங்கமாத்தான் இருக்கும். மாசி மாசம் வந்தா ஓரத்த மறுபடி சீவி உடணும். அந்தப் பொறுமை உங்களுக்கு வராது. நடு மேஜையில வேற எதுனா வச்சிக்குங்க.”

“நோட்டீஸ்ல போட்டுட்டாங்களே கலா. நான் இன்னா சொல்றது?”

“உண்மையச் சொல்லுங்க. மரத்துக்குச் சொந்தக்காரி எடுத்துக்கினா, அவ்ளோதான்.”

பவுனு மறுக்கவில்லை. மரத்தின் பக்கம் போகவே அவள் பயந்தாள். கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலை நோக்கி நகர்ந்தாள்.

“அண்ணி, நில்லுங்க. உங்க பொருள உட்டுட்டுப் போறீங்க.”

சூர்யகலா தட்டிலிருந்த ஆணியை, முடியோடும் கயிற்றோடும், ஒரு தினத்தாள் துண்டில் மடித்தாள். பூ வாங்கினால் மடித்துக் கொடுப்பார்களே, அப்படி மடித்து நீட்டினாள்.

“எனக்கு வேணாம்.”

“இங்க இருந்தா உங்க பூசாரி உங்களத்தான் கேப்பாரு. நீங்க அடிச்சது. நீங்களே வச்சிக்குங்க. இல்லன்னா சொல்லுங்க, நானே ஒரு நாள் காலையில நாலரை மணிக்கு வந்து மாடியில வச்சிட்டுப் போறேன்.”

பவுனுவின் விரல்கள் அந்தப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டன. நெருப்பை வாங்குகிறவள்போல் நுனியில் பிடித்து, உடம்பைவிட்டுத் தள்ளி வைத்துக்கொண்டாள். படியில் இறங்கும்போது திரும்பினாள். சாயம் பூசிய தலைக்குக் கீழே அந்த முகம் ஒரே நாளில் பத்து வயது கூடியிருந்தது.

“அவன் என் தம்பி, கலா. நான் தூக்கி வளத்தவன். எனக்கு மட்டும் வலிக்கலன்னா நெனச்சிக்கினு இருக்க? யாரையாவது சொல்லணும் போல இருந்துச்சி. உன்னைச் சொன்னேன்.” சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

ஒரு கணம் சூர்யகலாவின் கை கதவுப் பிடியில் தளர்ந்தது. அந்த அழுகை பொய்யில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. சீனுவாசனுக்கும் இதே மாதிரிதான் அழுகை வந்தால் கீழுதடு ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். அந்த ஒரு வார்த்தை அவள் நாக்கு நுனிவரை வந்தது. ‘படியில யாரும் இல்ல அண்ணி.’

மேஜையைத் திரும்பிப் பார்த்தாள். ஜன்னல் வெளிச்சத்தில், கை வெட்டுண்ட இடத்தில், வேப்பிலை வடிவத்தில் கறுப்பு மெழுகு மினுங்கியது. ஆறு வருஷம் முன்னால் பத்து நிமிஷம் கேட்டு நின்ற தன் ஈரப்புடவை நினைவுக்கு வந்தது.

“பாத்துப் போங்க அண்ணி” என்றாள்.

பவுனு இன்னும் ஏதோ எதிர்பார்த்து நின்றாள். எதுவும் வரவில்லை. சுதாகர் கார்க் கதவைத் திறந்து பிடித்தான். பொட்டலம் பிடித்த கையை வெளியே நீட்டியபடியே அவள் உள்ளே ஏறினாள். வண்டி கிளம்பிய சத்தம் தெருமுனைவரை போவதற்குள் சூர்யகலா கதவைச் சாத்தி, மேல் தாழ்ப்பாளையும் கீழ்த் தாழ்ப்பாளையும் போட்டாள்.